புயல் சாமியின் தெருக்கோயில்கள்: டோக்கியோ வட்டாரத்தில் மூன்று நாள்

முதல் நாள், ஜூன் 28: ஓமியா

ஜப்பானில் இது 'ட்சுயு' எனப்படும் மழைக்காலம். ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை டோக்கியோ பக்கம் விட்டுவிட்டுத் தூறும், காற்று கசகசக்கும், தோய்த்த துணி காயாது. சுற்றுலா வருபவர்கள் தவிர்க்கும் மாதம். ஆனால் புயல் சாமியான சுசானோவின் கோயில்களைப் பார்க்க இதுதான் சரியான நேரம். ஜூன் 30 அன்று ஜப்பான் முழுக்க, அந்நாட்டு மரபுச் சமயமான ஷின்டோவின் கோயில்களில் அரையாண்டுத் தீட்டுக் கழிப்பு நடக்கும். அதற்கும் இந்தச் சாமிக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

கதையைத் தெரிந்துகொண்டு போனால்தான் கோயிலில் செய்கிற ஒவ்வொன்றும் புரியும். கி.பி. 712-ல் எழுதி முடிக்கப்பட்ட புராண நூலான 'கொஜிக்கி' சொல்வது இது. இறந்த மனைவியைத் தேடி மரண உலகத்துக்குப் போய்த் திரும்பிய படைப்புக் கடவுள் இஸானாகி, ஒட்டிய தீட்டு போக நீரில் இறங்கிக் குளிக்கிறார். இடது கண்ணைக் கழுவும்போது சூரியதேவி அமதெராசு பிறக்கிறாள். வலது கண்ணிலிருந்து நிலாத் தெய்வம் ட்சுகுயோமி. மூக்கைக் கழுவும்போது சுசானோ. 'கடலை நீ ஆள்' என்று சொன்னால் கேட்காமல் அழுகிறான். அந்த அழுகையில் பச்சை மலைகள் பட்டுப்போகின்றன, ஆறும் கடலும் வற்றுகின்றன. பிறகு அக்காவின் வானுலகத்துக்கு ஏறிப்போய் வயல் வரப்புகளை உடைக்கிறான், வாய்க்கால்களைத் தூர்க்கிறான். நெல் விளையும் ஊரில் ஒரு புயல் என்னென்ன செய்யுமோ அத்தனையும் செய்கிறான்.

அக்கா கோபித்துக் குகைக்குள் போய்விட, உலகம் இருண்டது. அவளை வெளியே வரவழைத்த பிறகு தேவர்கள் கூடி சுசானோவுக்குத் தண்டம் விதித்து, தாடியையும் நகங்களையும் களைந்து, துரத்திவிட்டார்கள். அவன் வந்து சேர்ந்த இடம் இஸுமோ நாட்டில் ஹி ஆற்றின் கரை. அங்கே எட்டுத் தலைப் பாம்பு ஒன்று ஆண்டுக்கு ஒரு பெண்ணாக விழுங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக மிஞ்சியவள் குஷினாதா. அவளைச் சீப்பாக மாற்றித் தன் தலையில் செருகிக்கொண்டு, எட்டுத் தொட்டிகளில் கடும் சாக்கே (அரிசி மது) ஊற்றிவைத்து, குடித்து மயங்கிய பாம்பை வெட்டிப்போட்டான். வரப்பை உடைத்தவன் வயல்வெளியைக் காப்பவனாக மாறியது இங்கேதான்.

சைதாமா, டோக்கியோ பகுதிகளில் 'ஹிகாவா' என்ற பெயரில் சுமார் 280 கோயில்கள் உள்ளன. பெரும்பாலும் தெருமுனைக் கோயில்கள். அவற்றுக்கெல்லாம் தலைமைக் கோயில் ஓமியாவில். சுசானோ, அவன் மனைவி, ஓனாமுச்சி என மூன்று தெய்வங்கள். டோக்கியோவுக்குத் தலைநகர் மாறிய காலத்தில், 1868-லேயே, மெய்ஜி மன்னர் நேரில் வந்து வழிபட்ட இடம்.

ஓமியா ஸ்டேஷனில் இறங்கினால் இருபது நிமிட நடையில் கோயில் வந்துவிடும், ஆனால் கோயிலின் நீண்ட நடைபாதைக்கு நடுவில் போய்ச் சேருவீர்கள். ஒரு ஸ்டேஷன் முன்னால், சைதாமா ஷின்தோஷினில் இறங்குவதே நல்லது. உவேனோவிலிருந்து உட்சுனோமியா அல்லது தகாசாகி தடத்து ரயிலில் ஏறுங்கள். ஷின்ஜுகுவிலிருந்து வருபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: ஷோனான் ஷின்ஜுகு தடத்து ரயில்கள் இதே ஸ்டேஷனை ஒட்டி ஓடும், ஆனால் அந்தத் தண்டவாளத்தில் நடைமேடையே கிடையாது. நேராக ஓமியா போய்விடும்.

கிழக்கு வாசலில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் முதல் தோரி. இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்குக் கட்டை; அதற்குள் சாமியின் எல்லை. அங்கிருந்து கோயில் வரை இரண்டு கிலோமீட்டர், இரு பக்கமும் கெயாக்கி மரங்கள். பழைய அளவில் பதினெட்டு 'சோ'. ஒரு சோ 109 மீட்டர். ஓரத்தில் எண் பொறித்த கற்கள் நட்டிருப்பதால் எவ்வளவு நடந்தோம் என்று குழந்தைகள்கூட எண்ணிக்கொண்டே வரலாம். அரைமணி நேரம் ஆகும். மழையில் மரநிழல் குடைக்குச் சமம்.

இரண்டாவது தோரியில் நின்று நிமிர்ந்து பாருங்கள். மரத்தால் ஆனது, 13 மீட்டர் உயரம். முதலில் டோக்கியோவின் மெய்ஜி ஜிங்கூ கோயிலில் நின்றது. 1966-ல் அதன்மேல் இடி விழுந்தது. அங்கே புதிய தோரி வந்தபின், பழையதைப் பழுதுபார்த்து 1976-ல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். இடி வாங்கிய வாசல் புயல் சாமியின் கோயிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதைத் தெரியாமல் அதன் கீழே செல்ஃபி எடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

கோயிலுக்குள் சிவப்பு வாசல் கட்டடமும் பிரதான மண்டபமும் 1940-ல் முடிக்கப்பட்டவை. அழகுதான், ஆனால் நேரம் குறைவாக இருந்தால் முதலில் போக வேண்டியது 'ஜா நோ இகே', அதாவது பாம்புக் குளம். மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊற்று, அவ்வளவே. கோயில் பிறந்ததே இந்த ஊற்றால்தான் என்பது இங்குள்ள நம்பிக்கை. பகலில் மட்டும் திறந்திருக்கும். தண்ணீரில் கை வைக்கக் கூடாது, காசு போடக் கூடாது.

இரண்டாம் நாள், ஜூன் 29: மினாமி சென்ஜு

நேற்று தலைமைக் கோயில். இன்று முழுக்க முழுக்கத் தெருக்கோயில். பெயரே 'சுசானோ ஜின்ஜா'. டோக்கியோவின் அரகாவா வட்டத்தில், மினாமி சென்ஜு ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிடம். அக்கம்பக்கத்து 61 தெருச் சங்கங்களுக்கு இதுவே குலதெய்வக் கோயில். சுற்றுலாப் பேருந்து வராது. காலையில் நாயோடு நடப்பவர், பள்ளிக்குப் போகும் பிள்ளை, சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு கும்பிடு போட்டுப் போகும் பாட்டி, இவர்கள்தான் கூட்டம். முறைகளைக் கற்றுக்கொள்ள இப்படிப்பட்ட கோயில்தான் ஏற்றது. அவசரப்படுத்த ஆள் இல்லை.

தோரிக்கு முன் நின்று லேசாகத் தலை குனிய வேண்டும். தொப்பி இருந்தால் கழற்றிவிடுங்கள். பாதையின் நடுக்கோடு சாமிக்கு, நாம் ஓரமாக. மழை நாளில் ஓரக்கற்கள் பாசி பிடித்து வழுக்கும். ரப்பர் அடி தேய்ந்த செருப்போடு வராதீர்கள்.

அடுத்து கை கழுவும் தொட்டி. இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுவது. முழு வேலையும் ஒரே கரண்டித் தண்ணீரில் முடிய வேண்டும், அதனால் நிறைய மொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கணும். வலது கையில் கரண்டியைப் பிடித்து இடது கையைக் கழுவு. கை மாற்றி வலது கையைக் கழுவு. மறுபடி வலது கையில் கரண்டி, இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி அதால் வாயைக் கொப்பளி. அந்த இடது கையை இன்னொரு முறை கழுவு. மிச்சம் ஒரு விழுங்கு அளவு இருக்கும். கரண்டியை நிமிர்த்திப் பிடித்தால் அது காம்பு வழியே வழிந்து, பிடித்த இடத்தைக் கழுவிவிடும். அடுத்து வருபவருக்குச் சுத்தமான காம்பு. பிறகு குப்புறக் கவிழ்த்து வைக்கவும்.

கரண்டியில் வாய் வைப்பது தவறு. கழுவிய நீரும் கொப்பளித்த நீரும் தொட்டிக்குள் விழக் கூடாது, முன்னால் சரளைக்கல் போட்ட கால்வாயில் விழணும். கொரோனாவுக்குப் பிறகு பல கோயில்களில் கரண்டியை எடுத்துவிட்டு மூங்கில் குழாயில் நீர் ஓடவிட்டிருக்கிறார்கள். அங்கே இரு கையையும் நீட்டினால் போதும். கைக்குட்டை சட்டைப்பையில் இருக்கட்டும், பையின் அடியில் தேடிக்கொண்டு நிற்காதபடி. சுசானோ பிறந்ததே ஒருவர் தீட்டுக் கழுவிய நீரில். எந்தக் கோயிலிலும் உண்டு இந்தத் தொட்டி, ஆனால் இவன் கோயிலில் அது கதையின் முதல் பக்கம்.

சன்னதி முன்னால் உண்டியல். ஐந்து யென் நாணயம் போடுவது வழக்கம், 'கோ என்' (ஐந்து யென்) என்ற ஒலிக்கு 'உறவு, தொடர்பு' என்றும் பொருள் இருப்பதால். வெளிநாட்டவர் இதை அடையாளம் காணத் திணறுவார்கள்: தற்போதைய ஜப்பான் நாணயங்களில் இது ஒன்றில்தான் 5 என்ற இலக்கம் கிடையாது, ஜப்பானிய எழுத்து மட்டுமே. மஞ்சள் நிறம், நடுவில் ஓட்டை. வெள்ளை நிறத்தில் ஓட்டை இருந்தால் அது ஐம்பது யென். கையிலுள்ள ஒரு யென் சில்லறையை எல்லாம் அள்ளிக் கொட்டுவது மட்டும் வேண்டாம். 2022 ஜனவரியிலிருந்து அஞ்சல் வங்கி ஓர் அளவுக்கு மேல் நாணயம் கட்டினால் கட்டணம் வாங்குகிறது. சின்னக் கோயில்களுக்கு அந்தக் காணிக்கை உதவியாக இல்லாமல் செலவாக முடிகிறது. நூறு யென் ஒன்று போடுவது எவ்வளவோ மேல்.

காசை எறியாமல் மெல்ல நழுவவிட்டு, கயிறு இருந்தால் இழுத்து மணியை ஒலிக்கணும். இரண்டு முறை இடுப்பிலிருந்து ஆழமாகக் குனிதல். மார்புக்கு நேரே கைகளைச் சேர்த்து, வலது கையை ஒரு விரற்கணு அளவு கீழே இழுத்து இரண்டு தட்டு. பிறகு விரல் நுனிகளைச் சேர்த்து வைத்து வேண்டுதல். கடைசியாக ஒரு முறை குனிதல். நனைந்த குடையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு குனிந்தால் பின்னால் நிற்பவரைக் குத்தும். குடைத் தாங்கியில் செருகிவிட்டே வாருங்கள்.

இனி கோயிலின் தனிச்சொத்து. வளாகத்தில் 'ஸுய்கோசெகி' என்ற கல் இருக்கிறது. 795-ஆம் ஆண்டு கொகுசின் என்ற துறவி இந்த மேட்டில் ஒளிவிடும் கல்லைக் கண்டு வழிபட்டுவந்தாராம். ஓர் இரவு இரண்டு முதியவர்கள் தோன்றி, தாங்கள் சுசானோவும் அசுகாவும் என்று சொன்னார்களாம். அதனால் இங்கே இரண்டு மூலவர்கள். 1594-ல் சுமிதா ஆற்றின் குறுக்கே சென்ஜு பாலம் கட்டியபோது இந்தக் கல்லின் வேர் ஆற்றடி வரை ஓடியிருந்ததால் தூண் இறங்க மறுத்தது என்று ஒரு வழக்கு. கல்லுக்கு வேர் என்று சொல்கிற அழகைக் கவனியுங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் இந்தக் கல்லின் பெயர்தான்.

அருகே ஹைக்கூ கவிஞர் பாஷோவின் நினைவுக்கல், 1820-ல் நட்டது. 1689-ல் அவர் வடக்குப் பயணம் கிளம்பியபோது படகிலிருந்து இறங்கியது சென்ஜுவில். எந்தக் கரையில் என்று ஆற்றின் இரு பக்கத்து ஊர்களும் இன்றைக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மண்டபத்துக்கு முன் ஒரு கிங்கோ மரம், பிள்ளை வளர்க்கும் கிங்கோ என்று பெயர். பால் சுரக்காத தாய்மார்கள் அதன் பட்டையைக் கஷாயம் வைத்துக் குடித்து, அரிசி களைந்த நீரை அடிமரத்தைச் சுற்றி ஊற்றி வேண்டிக்கொண்ட மரம். இப்போது பட்டையை யாரும் தொடுவதில்லை. மரத்தைச் சுற்றி மரப்பலகைகள் தொங்குகின்றன, பிள்ளைகள் நலமாக வளர வேண்டும் என்று எழுதி.

கொஞ்சம் ஆழமாகப் பேச வேண்டியது ஒன்று. இவ்வூரில் வயதானவர்கள் இந்தக் கோயிலை 'தென்னோ சாமா' என்கிறார்கள். பெயர்ப்பலகையில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. 1868 வரை இங்கு வணங்கப்பட்ட பெயர் 'கோஸு தென்னோ', மாட்டுத்தலை வேந்தன். கொள்ளைநோயை ஏவுகிறவனும் அவனே, நிறுத்துகிறவனும் அவனே. புத்தர் தங்கிய ஜேதவனத்தின் காவல் தெய்வம் என்று ஜப்பானியர் அவனைக் கருதினார்கள். ஜேதவனத்துக்கு அவர்கள் மொழியில் 'கியோன் ஷோஜா'. கியோத்தோவின் கியோன் என்ற பேட்டைப் பெயர் ஜேதவனம் இருந்த இந்தியாவின் சிராவஸ்தியிலிருந்து போனதுதான். 869-ல் கொள்ளைநோய் பரவியபோது நாட்டின் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒன்றாக 66 ஈட்டிகள் நட்டு அங்கே வேண்டிக்கொண்டதே கியோன் திருவிழாவின் தொடக்கம். புயலின் மூர்க்கமும் நோயின் மூர்க்கமும் ஒன்றே என்று கண்டு சுசானோவையும் இவனையும் ஒன்றாக்கி வணங்கினார்கள். 1868-ல் அரசு ஷின்டோவையும் பௌத்தத்தையும் வெட்டிப் பிரித்தபோது மாட்டுத்தலைப் பெயர் போனது, சுசானோ நின்றான். பேச்சு வழக்கு மட்டும் ஆணைக்குக் கட்டுப்படவில்லை.

இந்தக் கோயிலின் தென்னோ விழா ஜூன் 3-ஐ ஒட்டிய வார இறுதியில் நடக்கும். மூன்றாண்டுக்கு ஒரு முறை பெரிய விழா. உற்சவப் பல்லக்கான மிகோஷியைப் பல கோயில்களில் நான்கு கழிகள் கட்டித் தூக்குவார்கள். இங்கே இரண்டே கழிகள். கழி முனை தரையைத் தொடும் அளவுக்கு இடமும் வலமும் சாய்த்து உலுக்குவார்கள். நான்கு கழி கட்டினால் அப்படிச் சாய்க்க முடியாது. உலுக்கினால் சாமியின் சக்தி எழும், எழுந்தால் நோய் ஓடும் என்பது கணக்கு. பார்க்கப் போகிறவர்கள் பல்லக்கின் பக்கவாட்டில் நிற்கக் கூடாது, சாய்வது அந்தப் பக்கம்தான். முன்னால் தள்ளி நில்லுங்கள்.

முத்திரை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 'கோஷுயின்' என்பது கோயில் முத்திரையும் தூரிகை எழுத்தும். பொதுவாக 300 முதல் 500 யென், சரியான சில்லறையாகக் கொடுக்கவும். முதலில் கும்பிடு, பிறகே அலுவலகம். மடிப்புப் புத்தகத்தை எழுத வேண்டிய பக்கத்தில் விரித்துக் கொடுங்கள். சாதாரண நோட்டில் எழுதித் தரமாட்டார்கள். இந்த ஈரத்தில் மையும் சிவப்பு முத்திரையும் காயாது. இடையில் வைத்துத் தரும் தாளை எடுத்துவிடாமல், புத்தகத்தை ஜிப் பையில் போட்டு, வீடு போனபிறகு பிரிக்கவும். அவசரப்பட்டுப் புரட்டினால் எதிர்ப்பக்கத்தில் தலைகீழ் முத்திரை விழும்.

மூன்றாம் நாள், ஜூன் 30: அகசாகா

நகரத்தின் நடுவே, வானுயர் கட்டடங்களுக்கும் தூதரகங்களுக்கும் இடையில் ஒரு குன்றின் மேல் அகசாகா ஹிகாவா. அகசாகா ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடத்துக்குள், ஆனால் ஏற்றம். 951-ல் நிறுவப்பட்டதாகக் கோயில் வரலாறு. இப்போதைய மண்டபத்தை 1730-ல் எட்டாவது ஷோகன் (ராணுவ ஆட்சியாளர்) தோகுகாவா யோஷிமுனே கட்டுவித்தார். சிக்கனத்தை ஆட்சிக் கொள்கையாகவே வைத்தவர். அதனால் தோகுகாவா கட்டடம் என்றதும் எதிர்பார்க்கும் தங்கத்தகடும் சிற்பக்குவியலும் இங்கே இல்லை. அடக்கமான செந்நிற மரவேலை. 1923 நிலநடுக்கம், 1945 விமானத் தாக்குதல் இரண்டையும் தாண்டி நிற்கிறது. டோக்கியோவில் இப்படிச் சொல்லக்கூடிய மரக்கட்டடங்கள் மிகக் குறைவு. சுமார் 400 வயது கிங்கோ ஒன்றும் வளாகத்தில் உண்டு.

இன்றைக்கு வந்த வேலை 'நகோஷி நோ ஹராயே', கோடைக்காலத் தீட்டுக் கழிப்பு. பாதையில் ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு புல் வளையம் நிற்கும். பெயர் 'சி நோ வா'. சட்டத்தின்மேல் நீண்ட புல்லைக் கற்றை கற்றையாகச் சுற்றிக் கட்டியது. கட்டிய புதிதில் பச்சை, வைக்கோல் மணம். மாதக் கடைசிக்குள் பழுத்துவிடும்.

இந்த வளையத்துக்குப் பின்னாலும் ஒரு கதை. வழிப்போக்கனாக வந்த சாமிக்குப் பணக்காரச் சகோதரன் இடம் தரவில்லை. ஏழையான சோமின் ஷோராய் தினை வைக்கோலில் உட்காரவைத்துத் தினைச்சோறு போட்டான். ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த சாமி, 'நான் சுசானோ. இடுப்பில் புல் வளையம் கட்டிக்கொள், கொள்ளைநோய் உன் வீட்டைத் தொடாது' என்றான். இடுப்பில் கட்டிய வளையம்தான் காலப்போக்கில் ஊரே நுழையும் அளவுக்குப் பெரிதானது.

நுழையும் முறை: வளையத்துக்கு முன் தலை வணங்கி, உள்ளே புகுந்து இடப்பக்கமாகச் சுற்றி முன்னால் வா. மறுபடி வணங்கி, புகுந்து வலப்பக்கமாகச் சுற்றி வா. மூன்றாவது முறை இடப்பக்கம். மேலிருந்து பார்த்தால் எட்டு போட்டதுபோல் இருக்கும். நான்காவதாக நேராகப் புகுந்து சன்னதிக்குப் போய்விடலாம். கோயிலுக்குக் கோயில் சின்ன வேறுபாடு உண்டு. பக்கத்தில் படம் போட்ட பலகை இருக்கும், அதையே பின்பற்றுங்கள். குழப்பம் வருவது இரண்டாவது சுற்றில். எதிரே வருபவர்மேல் மோதினால் நீங்கள் தவறான பக்கம் திரும்பிவிட்டீர்கள் என்று பொருள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டால் புல்லில் உரசாது. நினைவாக ஒரு புல்லைப் பிடுங்கிப்போகும் பழக்கம் சிலருக்கு. வேண்டவே வேண்டாம். அத்தனை பேரும் கழித்துவிட்டுப் போன தீட்டு அந்தப் புல்லில்தான் இருக்கிறது என்பதே இந்தச் சடங்கின் நம்பிக்கை.

கூடவே மனித உருவில் வெட்டிய வெள்ளைத்தாள் தருவார்கள். பெயரும் வயதும் எழுதி, உடம்பில் தடவி, மூன்று முறை ஊதி, காணிக்கையோடு பெட்டியில் போடவேண்டும். வலி உள்ள இடத்தில் கூடுதலாகத் தடவுவார்கள். மழைநாளில் எழுதுவதற்கு உங்கள் பேனாவையே கொண்டுபோங்கள், நனைந்த தாளில் பொதுப் பேனா எழுதாது. வண்டிக்கென்று கார் வடிவத் தாள் தரும் கோயில்களும் உண்டு.

சடங்கு பெரும்பாலும் பிற்பகலில். நேரத்தைக் கோயில் அறிவிப்பில் பார்த்து அரைமணி முன்னால் நில்லுங்கள். குருக்கள் படிப்பது 'ஓஹராயே' மந்திரம். 927-ல் தொகுத்து முடித்த 'எங்கிஷிகி' சட்டத்தொகுப்பில் இதன் பழைய வடிவம் இருக்கிறது. அதில் வானுலகக் குற்றங்கள் என்று ஒரு பட்டியல். முதலாவது வரப்பை உடைத்தல். இரண்டாவது வாய்க்காலைத் தூர்த்தல். அடுத்தது மதகைத் திறந்துவிடுதல். சுசானோ அக்காவின் வயலில் செய்த அதே அட்டூழியங்கள். இன்று கோயில்களில் படிக்கும் வடிவத்தில் இந்தப் பட்டியலை விட்டுவிட்டார்கள், ஆனால் மீதி அப்படியே. குற்றங்களை ஓர் ஆற்றுத்தேவி கடலுக்குக் கொண்டுபோகிறாள், கடல்தேவி விழுங்குகிறாள், காற்றுத்தெய்வம் அதைக் கீழுலகுக்கு ஊதித் தள்ளுகிறது, அங்கே ஒருத்தி தூக்கிக்கொண்டு அலைந்து தொலைத்துவிடுகிறாள். அந்தக் கீழுலகம்தான் சுசானோ கடைசியில் போய்த் தங்கிய இடம். தாடி களைந்து, தண்டம் கட்டி, முதன்முதலில் தீட்டுக் கழிக்கப்பட்டவன் அவன். அவன் சன்னதியில் நின்று இந்த வரிகளைக் கேட்கும்போது மொழி தெரியாவிட்டாலும் தலை தானாகக் குனியும். மந்திரம் படிக்கும் நேரத்தில் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

'ஹிகாவா' என்ற எழுத்துக்குப் பனிக்கட்டி ஆறு என்று பொருள். ஜூன் 30-க்கென்றே ஒரு தின்பண்டமும் இருக்கிறது: 'மினாஸுகி'. அரிசிமாவை வேகவைத்து மேலே அசுகிப் பயறு பதித்து முக்கோணமாக வெட்டியது. வெள்ளைப் பகுதி பனிக்கட்டி, சிவப்புப் பயறு தீய சக்தியை விரட்ட. கியோத்தோ வழக்கம், டோக்கியோவிலும் பெரிய கடைகளின் கீழ்த்தள இனிப்புப் பிரிவுகளில் கிடைக்கும். மாலையில் தீர்ந்துபோகும், சடங்கு முடிந்து போய்த் தேடினால் கிடைக்காது. மதியமே வாங்கிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மாவு விறைத்துப்போகும், அறைவெப்பத்தில் வைத்து அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும்.